மெஷின் விழித்தபோது கை எங்கே இருந்தது

கம்ப்யூட்டர் கருவிகளை இயக்கும் டிரைவர் புரோகிராம் எழுத வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் கோளாறுகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அவை கண்ணுக்குத் தெரியும். திரை உறைந்து நிற்கும், வாடிக்கையாளர் போனில் சத்தம் போடுவார், நீங்கள் போய்த் திருத்துவீர்கள். கருவி உறங்கப் போகும்போதும் உறங்கி எழும்போதும் வருகிற கோளாறு வேறு மாதிரி. அந்த நேரத்தில் திரை கறுப்பாக இருக்கும். பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டால், ஒன்றுமே செய்யவில்லை என்பார்கள். பொய் சொல்வதாக நினைக்காதீர்கள். அவர்கள் உண்மையாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

அப்படி ஒரு நாளை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். மற்றவை எல்லாம் அதிலேயே இருக்கின்றன.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் நான் ஒரகடம் பக்கம் ஒரு சிறிய கம்பெனியில் இருந்தேன். கார் உதிரி பாகங்களைச் சோதிக்கும் மெஷின்கள் செய்வது எங்கள் தொழில். ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் ஒரு சாதாரண கம்ப்யூட்டர் இருக்கும். அதில் நாங்களே வடிவமைத்த ஒரு கார்டைச் செருகியிருப்போம். மெஷினின் வால்வுகளைத் திறப்பதும் மூடுவதும் அந்தக் கார்டு. கார்டை ஆட்டுவிப்பது எங்கள் குழு எழுதிய டிரைவர். அந்தக் குழுவுக்கு நான் பொறுப்பு.

தண்டலத்துக்குச் சற்றுத் தள்ளி, ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்கள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு ஒரு வரிசை நிறைய மெஷின்கள் கொடுத்திருந்தோம். வேலை எளிது. குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு, இரு பக்கமும் உள்ள இரண்டு பச்சைப் பொத்தான்களை இரண்டு கையாலும் சேர்த்து அமுக்க வேண்டும். மேலிருந்து உள்ளங்கை அகல எஃகு கிளாம்ப் இறங்கிக் குழாயைப் பிடிக்கும். குழாய்க்குள் காற்றடித்துக் கசிவு பார்க்கும். முடிந்ததும் கிளாம்ப் மேலே போகும். கிளாம்பை இறக்குவதும் கம்ப்ரசரிலிருந்து வரும் அழுத்தக் காற்றுதான்; அது நின்றால் ஸ்பிரிங் கிளாம்பை மேலே இழுத்துவிடும். இரண்டு பொத்தான் எதற்கென்றால், அமுக்குகிற நேரத்தில் ஒரு கைகூட உள்ளே இருக்கக் கூடாது.

கோடையில் அந்தப் பக்கம் மின்சாரம் அடிக்கடி போகும். ஜெனரேட்டர் எடுக்கச் சிறிது நேரமாகும். அதுவரை யூபிஎஸ் தாங்கும். தாங்காவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்து, திரும்ப முதலிலிருந்து கிளம்பி வருவதற்குள் லைன் காத்துக் கிடக்கும். அதனால் தொழிற்சாலை ஒரு வசதி கேட்டது. யூபிஎஸ் பேட்டரி இறங்கிவிட்டால் கம்ப்யூட்டர் அணையாமல் உறங்க வேண்டும். விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். கேட்டதைச் செய்துகொடுத்தோம். உறங்கப் போகுமுன் கிளாம்ப் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்பதை டிரைவர் நினைவில் வைத்துக்கொள்ளும். விழித்ததும் அதே நிலைக்குக் கொண்டுவரும்.

ஒரு பாதுகாப்பும் வைத்திருந்தோம். விண்டோஸ் உறங்கப் போகுமுன் ஒவ்வொரு டிரைவரிடமும் "உறங்கலாமா?" என்று கேட்கும். கிளாம்ப் கீழே இருந்தால் எங்கள் டிரைவர் "கூடாது" என்று சொல்லிவிடும். சோதனையில் இது அழகாக வேலை செய்தது. மெஷின்களை ஏற்றுக்கொண்ட நாளில் தொழிற்சாலைக்காரர்களுக்கு இதைத் தனியாகச் செய்துகாட்டினோம். கைதட்டினார்கள்.

ஒரு கோடையின் முற்பகலில் அந்தத் தொழிற்சாலையின் புரொடக்ஷன் மேனேஜர் போன் செய்தார். கிளாம்ப் ஒரு பெண்ணின் கையில் இறங்கிவிட்டது என்றார். நான் கிளம்பிப் போனேன்.

அந்தப் பெண்ணின் பெயர் சண்முகக்கனி. லைனில் எல்லோருக்கும் கனி. தூத்துக்குடிப் பக்கத்து ஊர். இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறை எடுத்து, உடன் வேலை பார்க்கும் பெண்களோடு தங்கியிருந்தாள். கான்ட்ராக்டர் மூலம் வந்தவள். கம்பெனி ஆள் இல்லை. நான் போனபோது வலது கையில் கட்டோடு மெஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கையில் மெஷின் துடைக்கும் பனியன் வேஸ்ட் துணி தடிமனாகச் சுற்றியிருந்ததால் எலும்பு தப்பியது. இரண்டு விரல் நகங்கள் போயிருந்தன.

மேனேஜர் நேரத்தை வீணாக்குகிறவர் இல்லை.

"மேடம், ரொம்ப சிம்பிள். மெஷின் ஆன்ல இருக்கும்போது கைய விட்டிருக்கா. நீங்க ஒரு தடவ செக் பண்ணி, மெஷின்ல ப்ராப்ளம் இல்லன்னு சொல்லிட்டா போதும். செகண்ட் ஷிஃப்ட்டுக்கு லைன் ஓடணும். சாயங்காலம் லோடு போகலைன்னா கார் கம்பெனில அவங்க லைன் நின்னுடும்."

"ஆன்ல இல்ல சார்," என்றாள் கனி. "கரண்டே இல்ல. மெஷினு செத்துக் கெடந்துச்சு. தொடைச்சுக்கிட்டு இருந்தேன், எறங்கிட்டு."

"தே கனி, சும்மா இரும்மா," என்றார் லைன் சூப்பர்வைசர் தேவராஜ். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். "பெரியவங்க பேசிக்கினு கீறாங்கல்ல."

"எங் கையி நசுங்கிக் கெடக்கு, நான் சும்மா இருக்கணுமா? உங்க கைய உள்ள வச்சுப் பாருங்கண்ணே. பொறவு யாரு சும்மா இருக்கான்னு பாப்போம்."

மேனேஜர் குரலைத் தாழ்த்தி என்னிடம், கான்ட்ராக்டர் நாளையிலிருந்து வேறு ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டார் என்றார். நான் மெஷினில் குற்றமில்லை என்று சொன்னால் இவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதைத் தாழ்ந்த குரலில் சொன்னாரே தவிர, கனிக்குக் கேட்கத்தான் செய்தது.

கம்ப்யூட்டருக்கு வருமுன் கொஞ்ச காலம் நான் ஒரு நாளிதழில் விபத்துச் செய்திகள் எழுதினேன். அங்கே கற்றது ஒன்றே ஒன்று. விபத்து நடந்த இடத்தில் நிற்பவர்களிடம் "ஏன்" என்று கேட்டால் ஆளுக்கொரு தீர்ப்பு கிடைக்கும். "முதலில் என்ன, அடுத்து என்ன" என்று கேட்டால் செய்தி கிடைக்கும். அதனால் நான் யாரிடமும் ஏன் என்று கேட்கவில்லை.

மேனேஜர் தாமே ஒரு சோதனை செய்தார். தாங்கியில் குழாயை வைத்து, பொத்தான்களை அமுக்கிக் கிளாம்பை இறக்கினார். மவுஸை எடுத்து, ஸ்டார்ட் மெனுவில் உறங்க வைக்கும் ஸ்டாண்ட்பை என்பதைத் தேர்ந்தெடுத்தார். எங்கள் டிரைவர் கூடாது என்றது. இந்தக் கருவி உறங்க விடவில்லை என்று திரையில் ஒரு செய்தி வந்தது.

"பாத்தீங்களா? கிளாம்ப் கீழ இருந்தா மெஷின் தூங்கவே மாட்டேங்குது. தூங்கலைன்னா எப்படி முழிக்கும்? முழிக்கலைன்னா எப்படி எறங்கும்? நீங்க எழுதினதுதானே மேடம் இது. நீங்களே சந்தேகப்படலாமா?"

தர்க்கம் கச்சிதமாக இருந்தது. அந்த இடத்தில் தலையாட்டிவிட்டுப் போவது மிகச் சுலபம். என் முதலாளியும் அதைத்தான் விரும்பியிருப்பார். ஆனால் அவர் செய்த சோதனையில் ஒரு விஷயம் இடித்தது. கனி மவுஸைத் தொட்டதாக யாருமே சொல்லவில்லை. நடந்தது மின்வெட்டு. சோதித்தது ஸ்டார்ட் மெனு.

"சார், கரண்ட் போனா இந்த லைன்ல என்ன நடக்குமோ அதை அப்படியே ஒரு தடவை எனக்கு நடத்திக் காட்டுங்க. வாயால சொல்ல வேண்டாம்."

"லைன் நிக்குது மேடம்."

"இப்பவும் நின்னுக்கிட்டுதானே இருக்கு."

டீ இடைவேளையில் செய்யலாம் என்று ஒத்துக்கொண்டார். கனியின் மெஷினைத் தவிர மற்ற எல்லா மெஷின்களின் காற்றுக் குழாய்களையும் முதலில் பிடுங்கிவிடச் சொன்னேன். கனியின் மெஷின் முன்னால் யாரும் நிற்கக் கூடாது. அவள் கைக்குப் பதிலாக உள்ளே வைக்க ஏதாவது வேண்டும் என்றேன். தேவராஜ் கேன்டீனுக்குப் போய் வந்தார்.

"முள்ளங்கி தான் கீது மேடம். நாளிக்கு சாம்பாருக்கு வெச்சிருந்தாங்க. குண்டா பாத்து எட்த்தாந்தேன்."

"எங் கைய விட வெள்ளையா இருக்கு," என்றாள் கனி.

ஆபரேட்டர்கள் சிரித்துக்கொண்டே தங்கள் இடங்களில் போய் நின்றார்கள். எல்லா மெஷின்களிலும் ஒரு குழாயை வைத்துக் கிளாம்பை இறக்கிய நிலைக்குக் கொண்டுவந்தோம். காற்றுக் குழாய் பிடுங்கிய மெஷின்களில் கிளாம்ப் அசையவில்லை என்றாலும் கம்ப்யூட்டர்களைப் பொறுத்தவரை அது கீழேதான் இருந்தது. எலெக்ட்ரீஷியன் மெயின் சுவிட்சை இறக்கினார்.

விளக்குகளும் மின்விசிறிகளும் நின்றன. வரிசை முழுக்க யூபிஎஸ்கள் கத்தத் தொடங்கின. அந்த நேரத்தில் ஆபரேட்டர்கள் யாரும் எதையும் தொடவில்லை. பழக்கப்பட்டவர்கள் போலக் கையைக் கட்டி நின்றார்கள். புதிதாக இருந்தபோது அந்த பேட்டரிகள் ஜெனரேட்டர் வரும்வரை தாங்கியிருக்கின்றன. தகரக் கூரைக்குக் கீழே சூட்டில் கிடந்து கிடந்து இப்போது பலம் போய்விட்டிருந்தது. ஒவ்வொன்றாகக் கத்தல் மாறியது. திரைகள் கறுத்தன. கனியின் மெஷினில் கிளாம்ப் தானாக மேலே போனது.

அப்போதுதான் லைன் அசைந்தது. யாரும் உத்தரவிடவில்லை. ஆபரேட்டர்கள் எல்லோரும் ஒரே மாதிரி குழாயை எடுத்து ஓரமாக வைத்தார்கள். இடுப்பிலிருந்து பனியன் வேஸ்டை உருவினார்கள். தாங்கியில் படிந்திருக்கும் ரப்பர் தூளைத் துடைக்கக் குனிந்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெஷின்களுக்குள் கைகள் இருந்தன.

"தினமும் இப்படித்தானா?" என்று பக்கத்திலிருந்த கனியிடம் கேட்டேன்.

"வேற எப்பக்கா தொடைக்க? ஓடும்போது தொடைச்சா எண்ணிக்கை கொறையும், ஏசுவாவ. தொடைக்காட்டா லீக்குன்னு பொய்யாக் காட்டும், அதுக்கும் ஏசுவாவ. கரண்டு போனாத்தான் எங்களுக்குக் கையி ஒழியும்."

கனியின் மெஷினில், ஒரு நீளக் குச்சியால் குழாயை வெளியே தள்ளிவிட்டு, வேஸ்ட் சுற்றிய முள்ளங்கியை அதே குச்சியால் உள்ளே தள்ளி வைத்தேன்.

வெளியே ஜெனரேட்டர் உறுமியது. விளக்குகள் வந்தன. கோடியில் நின்ற தேவராஜ் நடக்கத் தொடங்கினார். ஷிஃப்ட்டில் எப்போதும் நடப்பது போலவே நடந்தார். யாரையோ சீக்கிரம் என்றார். யாரோ ஒருவனைத் தலையில் தட்டினார். நடக்கிற போக்கில் ஒவ்வொரு மெஷினின் கீபோர்டிலும் ஸ்பேஸ் பாரை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே வந்தார். பார்க்கக்கூட இல்லை. கனியின் மெஷினையும் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

கனியின் திரை இன்னும் கறுப்பாகவே இருந்தது. கிளாம்ப் இறங்கியது. முள்ளங்கி இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு தரையில் உருண்டது. அதற்குப் பிறகுதான் திரை வெளுக்கத் தொடங்கியது.

தேவராஜ் திரும்பிப் பார்த்தார்.

"தேவராஜ், இப்ப என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"நானா? நான் இன்னா மேடம் செஞ்சேன்? நட்ந்து வந்தேன்."

"கீபோர்டைத் தட்டினீங்களே."

"அத்தயா?" அவர் தம் விரலைப் பார்த்தார். "அது டெய்லி செய்றது தான் மேடம். கரண்டு வந்தா ஸ்கிரீன எய்ப்பி வுடுவேன். லைன் லேட் ஆவக்கூடாதுல்ல."

"நல்லா எழுப்புனீங்கண்ணே," என்றாள் கனி.

தேவராஜ் குனிந்தார். கீழே கிடந்த முள்ளங்கித் துண்டை எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நடந்ததை உங்கள் மொழியில் சொல்கிறேன். நாம் உறங்க வைக்கச் சொன்னால் விண்டோஸ் டிரைவரிடம் அனுமதி கேட்கும். பேட்டரி சாகப்போகிறது என்றால் அது கேட்காது, சொல்லும். "உறங்கு" என்று கட்டளைதான் வரும். அதற்குக் கூடாது என்று பதில் சொல்ல இடமே இல்லை. எங்கள் பாதுகாப்பு முழுவதும் கேள்வி வரும் என்ற நம்பிக்கையின் மேல் நின்றிருந்தது. கேள்வி வராத நாளில், டிரைவர் "கிளாம்ப் கீழே" என்று நினைவில் எழுதிக்கொண்டு உறங்கியது. கார்டுக்கு மின்சாரம் நின்றதும் கிளாம்ப் மேலே போனது. டிரைவர் உறங்கிக்கொண்டிருக்கையில் மனிதர்கள் வந்து குழாயை எடுத்தார்கள், கையை வைத்தார்கள். ஒரு தட்டு தட்டியதும் அது விழித்து, தன் நினைவில் இருந்த உலகத்தை மிக நேர்மையாக மீட்டுக் கொடுத்தது. திரையை விட டிரைவர் முதலில் விழிக்கும். ஆகவே பார்க்கிறவர்களுக்கு அது இன்னும் உறங்குவதாகவே தெரியும்.

இயக்கத்துக்கும் உறக்கத்துக்கும் இடையில் கருவியைக் கொண்டுபோகும் டிரைவரை எழுதும்போது, உங்கள் நினைவில் இருப்பது பழைய செய்தி என்பதை மறக்காதீர்கள். நெட்வொர்க் கார்டு என்றால் பழைய செய்தியால் ஒரு பாக்கெட் தகவல் தொலையும். வால்வு என்றால் வேறு தொலையும். உறங்கப் போகுமுன் கருவியை யாருக்கும் தீங்கில்லாத நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் எதையும் நினைவில் எழுத வேண்டும். விழித்ததும் நினைவைப் பார்க்காமல் கருவியைப் பார்க்க வேண்டும். அசையும் எதையும், மனிதர் ஒருவர் மறுபடி சொல்லும்வரை, அசைக்கக் கூடாது. நாங்கள் பின்னர் எழுதிய டிரைவர் இதைத்தான் செய்தது. ஆனால் அன்றைக்கு அந்த டிரைவர் இல்லை.

மேனேஜர் சுதாரித்துக்கொண்டார். "சரி மேடம், கண்டுபிடிச்சாச்சு. ரெண்டு வரி மாத்தணும், அவ்ளோதானே? இங்கயே உக்காந்து மாத்திக் குடுத்துருங்க. ஷிஃப்ட்டுக்கு இன்னும் டைம் இருக்கு."

உண்மையில் இரண்டு வரிதான். எனக்கு அந்த இரண்டு வரி எது என்றும் தெரியும். மாட்டேன் என்றேன். லைன் ஓரத்தில், லாரி காத்திருக்க, மேனேஜர் தோளுக்குப் பின்னால் நிற்க எழுதப்படும் இரண்டு வரியை அடுத்த மின்வெட்டில் சோதிக்கப்போவது ஒரு ஆபரேட்டரின் கை. அந்தச் சோதனைக்கு நான் ஆள் தர முடியாது.

முதலாளி போனில் வந்தார். மேனேஜர் ஏற்கெனவே அவரிடம் பேசியிருந்தார்.

"என்னம்மா, லைனையே நிறுத்தச் சொல்றியாமே? நாளைக்கு அவங்க வேற ஆளுகிட்ட மெஷின் வாங்குவாங்க. உனக்குப் புரியுதா?"

"நிறுத்தச் சொல்லலை சார். ஓட்டலாம். நான் சொல்ற மாதிரி ஓட்டணும்."

சொன்னது இதுதான். எல்லா மெஷின்களிலும் உறங்கும் வசதியை எடுத்துவிட்டோம். பேட்டரி இறங்கினால் கம்ப்யூட்டர் முழுதாக அணையும், திரும்ப வர நேரமாகும், ஆகட்டும். மின்சாரம் போனதும் துடைக்க வேண்டுமானால், முதலில் மெஷினின் காற்றுக் குழாயைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய குழாய் ஆபரேட்டரின் கண் முன்னால் தொங்க வேண்டும். கீபோர்டை யாரும் தொடக்கூடாது. இதைச் செய்ய டிரைவர் எழுதுபவள் தேவையில்லை. டீ முடிந்து அடுத்த ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லா மெஷின்களும் தயாராகிவிட்டன. லோடு சாயங்காலம் போனது.

கனியின் விஷயம் பாக்கி இருந்தது. அந்த வேலை தொடங்குமுன்பே மேனேஜர் அதை மென்மையாக எடுத்தார்.

"மெஷின்லயும் தப்பு இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா கிளீனிங் பண்ணச் சொல்லி யாரும் இவளுக்குச் சொல்லலையே மேடம். பர்மிஷன் இல்லாம கைய விட்டது தப்புதானே?"

"கிளீனிங்குக்கு எந்த நேரம் குடுத்திருக்கீங்க சார்?"

மேனேஜர் தேவராஜைப் பார்த்தார். தேவராஜ் முள்ளங்கியை மெஷின் மேல் வைத்தார்.

"டைம்லாம் ஒண்ணும் இல்ல சார். கரண்டு போனா தொடைக்கிறது தான். நான் தான் சொல்லிக் குட்த்தேன், எல்லாத்துக்கும். இந்தப் பொண்ண அனுப்பணும்னா மெய்யாலுமே மொத லைன் மொத்தத்தயும் அனுப்பணும். அதுக்கு முன்னாடி என்ன அனுப்பணும்."

மேனேஜர் போனைக் கையில் எடுத்தார். நான் அவரை மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். அவர் தலைக்கு மேலும் ஒருவர் போனில் கத்திக்கொண்டுதான் இருந்தார். பிறகு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, மாற்று ஆள் வேண்டாம் என்றார். கை ஆறும்வரை கனியைப் பேக்கிங்கில் உட்கார வைக்கச் சொன்னார்.

புதிய டிரைவரை அலுவலகத்தில் அமைதியாக எழுதினோம். ஒரு மெஷினை எங்கள் ஷெட்டில் நிறுத்தி, விதவிதமாக மின்சாரத்தைப் பிடுங்கினோம். கேட்டு உறங்க வைத்தோம், கேட்காமல் உறங்க வைத்தோம், உறங்கப் போகிற பாதியில் எழுப்பினோம். ஷெட்டுக்குக் காய் கொண்டுவந்த கூடைக்காரி, இந்தக் கம்பெனியில் இவ்வளவு முள்ளங்கி சாப்பிடுகிறார்களா என்று காவலாளியிடம் விசாரித்தாளாம்.

தயாரானதும் எடுத்துப் போனேன். கனி மறுபடி தன் மெஷினுக்கு வந்திருந்தாள். லைனில் எல்லோரும் கூடி நின்று பார்த்தார்கள். மெயினை இறக்கினோம், யூபிஎஸ் ஓய்ந்தது, மெஷின் கிளாம்பைத் தானே மேலே தூக்கிவிட்டு உறங்கியது. மின்சாரம் வந்தது. தேவராஜை விட்டே ஸ்பேஸ் பாரைத் தட்டச் சொன்னேன். ஆள்காட்டி விரலால், சூடான பாத்திரத்தைத் தொடுவது போலத் தட்டினார். கிளாம்ப் அசையவில்லை. திரை விழித்து, இரண்டு பொத்தான்களையும் அமுக்கச் சொல்லிக் காத்திருந்தது. முள்ளங்கி முழுதாக இருந்தது. மேனேஜர் கைகொடுத்தார்.

கனி மட்டும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இனிமே ஏர் பைப்பு புடுங்க வேண்டாமா?"

"அதைத்தான் சார் கேக்கறார்," என்றேன். மேனேஜர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். குழாயைப் பிடுங்கி மாட்டுவதில் நேரம் போகிறது என்பது அவர் கவலை.

"அப்ப ஒண்ணு செய்யுங்க. இன்னொருக்கா கரண்ட எறக்கச் சொல்லுதேன். முள்ளங்கி வேண்டாம். உங்க கைய வைங்க."

சிலர் சிரித்தார்கள். மேனேஜர், "ஏய், மேடம்கிட்ட என்ன பேச்சு," என்றார். நான் அவளுக்கு நேராகவே பதில் சொன்னேன்.

"வைக்க மாட்டேன்."

"அப்ப உங்களுக்கே நம்பிக்க இல்லியா?"

"புரோகிராம் மேல முழு நம்பிக்கை இருக்கு. ஆனா அது கம்ப்யூட்டர்ல ஓடுற ஒண்ணு, கனி. கார்டு கெட்டுப்போகலாம். நாளைக்கு யாராவது பழைய டிரைவரை ஏத்திடலாம். என் கையையும் வைக்க மாட்டேன், உன் கையையும் வைக்கச் சொல்ல மாட்டேன்."

இளைய நண்பர்களே, இந்த இடத்தில் பலர் கையை வைத்துவிடுவார்கள். தைரியசாலி என்ற பெயர் கிடைக்கும். நம் வேலை தைரியத்தைக் காட்டுவது இல்லை. கிளாம்ப் இறங்கக் காற்று வேண்டும். காற்றே இல்லாவிட்டால் எந்த டிரைவராலும் அதை இறக்க முடியாது. டிரைவரைச் சரியாக எழுதுங்கள்; எழுதிய பிறகு, அது தவறினாலும் யாருக்கும் அடிபடாதபடி மெஷினை அமைக்கச் சொல்லுங்கள்.

மேனேஜரிடம் அதைச் சொன்னேன். ஒவ்வொரு மெஷினிலும் ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு பொருத்த வேண்டும். மின்சாரம் போன கணமே மெஷினில் உள்ள காற்றை அது வெளியே விட்டுவிடும். மின்சாரம் வந்தாலும் தானாகக் காற்றை உள்ளே விடாது. ஆபரேட்டர் நிமிர்ந்து, கைப்பிடியைத் திருப்பினால்தான் விடும். கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அது வரும்வரை காற்றுக் குழாயைப் பிடுங்குவது தொடர வேண்டும். வந்த பிறகே உறங்கும் வசதியைத் திறந்துவிடுவேன் என்றேன்.

"நீங்க டிரைவர் சப்ளை பண்றவங்களா, வால்வு விக்கறவங்களா மேடம்?" என்று கேட்டார். கேட்டாலும், மெயின்டனன்ஸ் ஆட்களை வரச் சொல்லி அங்கேயே அளவெடுக்கச் சொன்னார்.

வால்வுகள் எல்லாம் பொருத்தி முடித்த பிறகு, வேறு வேலையாக அந்தத் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மின்சாரம் போனது. யாரும் ஏற்பாடு செய்ததல்ல. விளக்குகள் அணைந்ததும் லைன் முழுக்க ஒரே நேரத்தில் 'புஸ்ஸ்' என்று காற்று வெளியேறியது. ஒரு பெரிய பெருமூச்சு மாதிரி இருந்தது. கிளாம்ப்கள் எல்லாம் மேலே ஏறி நின்றன. ஆபரேட்டர்கள் அந்தச் சத்தம் முழுதாக அடங்கும்வரை நின்றார்கள். பிறகு பனியன் வேஸ்டை உருவினார்கள்.

கனி என்னைப் பார்த்துவிட்டாள். நகங்கள் பாதி வளர்ந்திருந்தன. தன் வேஸ்டை என்னிடம் நீட்டினாள்.

"இப்ப வைக்கலாம்லா?"

வாங்கிக்கொண்டு குனிந்தேன். கிளாம்புக்குக் கீழே கையை விட்டுத் தாங்கியைத் துடைத்தேன். ரப்பர் தூள் கருமையாக விரல்களில் ஒட்டியது. ஜெனரேட்டர் எடுத்தது, விளக்குகள் வந்தன. என் கை உள்ளேதான் இருந்தது. எதுவும் அசையவில்லை. துடைத்து முடித்துக் கையை எடுக்கப் போனேன்.

"எடுக்காதிய, எடுக்காதிய," என்றாள் கனி. "அந்த மூலைல அப்படியே கெடக்கு பாருங்க. இந்த மாதிரி தொடைச்சா லீக்குன்னுதான் காட்டும். நல்லா அழுத்தித் தொடைங்கக்கா."